முதல் சீட்டைப் போடும் முன்

பெரம்பூர்,
11.06.2023

அன்புள்ள வேணிக்கு,

முழங்கால் என்னைப் பழி வாங்குவதைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போன கடிதத்துக்குப் பதில் போட நீ ஒரு மாதம் எடுத்துக்கொண்டாய். காஞ்சிபுரத்திலிருந்து நடந்தே கிளம்பியிருந்தாலும் இதற்குள் பெரம்பூர் வந்து சேர்ந்திருப்பாய்.

என் பிள்ளை விக்ரம் கேலி செய்கிறான். "போன்ல அனுப்பினா அடுத்த நிமிஷம் போயிடும். நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஸ்டாம்பு ஒட்டிக்கினு இருக்கீங்க" என்கிறான். போனில் சீட்டுப் புதிரைச் சொன்னால் கேட்ட கையோடு பதில் சொல்லிவிடுவோம் என்பது அவனுக்குப் புரியவில்லை. தபாலில் வந்தால் அரிசி களையும்போதும் அதே நினைப்பாக இருக்கும். நாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில், மதிய இடைவேளையில் பிரிட்ஜ் ஆடும்போது, நீ முதல் சீட்டைப் போடுமுன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். மற்ற இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். உனக்கு ஜோடியாக உட்கார்ந்த எனக்கு மட்டும் அது எரிச்சலாக இருந்ததே இல்லை.

இந்தச் சீட்டு போன வியாழக்கிழமை இங்குள்ள கிளப்பில் வந்தது. ஆடியவர் அப்பாதுரை, ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர், இப்போது என் ஜோடி. துருப்பு கிடையாது. பதின்மூன்று பிடியில் ஒன்பது எடுக்க வேண்டும். நான் டம்மி. சீட்டை மேஜையில் திறந்து விரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காரும் வேலை.

விரித்த என் சீட்டு: ஸ்பேட் 8, 5, 2. ஹார்ட் ஏஸ், 6. டைமண்ட் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 5. கிளாவர் 9, 6, 3.

அவர் கையில்: ஸ்பேட் ஏஸ், ராஜா, 4. ஹார்ட் ராஜா, 7, 3. டைமண்ட் 8, 3. கிளாவர் ஏஸ், ராஜா, 7, 5, 2.

எதிராளி ஹார்ட் ராணியை இறக்கினார். அப்பாதுரை கொஞ்சமும் யோசிக்காமல் என் பக்கத்து ஏஸால் அடித்தார். தோற்றோம். நீயாக இருந்தால்?

இன்னொரு விஷயம். விக்ரம் சனிக்கிழமையானால் ஏனாத்தூருக்கு, மாமன் வீட்டுக்கு என்று கிளம்பிவிடுகிறான். என் அண்ணனைக் கேட்டால், "அவன் வூட்டுல எங்கம்மா இருக்கறான், பைய வச்சிட்டு டவுனுக்குப் போனா இருட்டினப்புறம்தான் வரான்" என்கிறார். டவுனில் அவனுக்கு என்ன வேலை? உன் கண்ணில் பட்டானா?

அன்புடன்,
கிரேஸ்


காஞ்சிபுரம்,
20.06.2023

அன்புள்ள கிரேஸ்,

சீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றது பிறகு.

கையில் உறுதியாக இருப்பது ஆறு பிடி. ஸ்பேடில், ஹார்ட்டில், கிளாவரில் இரண்டிரண்டு. மீதி மூன்றும் டைமண்டில்தான் வர வேண்டும். டைமண்ட் ஏஸ் வைத்திருக்கிறவன் அதை உடனே போட மாட்டான். ஆடுகிறவர் கையிலுள்ள இரண்டு டைமண்டும் தீரட்டும் என்று காத்திருப்பான். அதற்கப்புறம் உன் பக்கம் வர ஒரே வாசல் ஹார்ட் ஏஸ். அப்பாதுரை அதை முதல் பிடியிலேயே செலவழித்துவிட்டார். நல்ல டைமண்டெல்லாம் கண்ணெதிரே மேஜையில் கிடந்திருக்கும், எடுக்க வழி இருந்திருக்காது. முதல் பிடியைக் கையிலுள்ள ராஜாவால் எடுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுவிட்டார்.

விக்ரமை நான் பார்க்கவில்லை. தேவிப்ரியா பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும்.

வெள்ளிக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தேன். பட்டுக்கடையிலிருந்து வந்தவள் கைகூடக் கழுவாமல் எதிரே உட்கார்ந்தாள். "அம்மா, நான் ஒண்ணு சொன்னா கத்தக் கூடாது" என்றாள். நான் எப்போது கத்தினேன்? "விக்ரம் இருக்கான்ல" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். நாம் சீட்டாடும்போது மேஜைக்கடியில் பட்டன் வைத்து விளையாடிய இரண்டு பிள்ளைகள்தான் எனக்கு நினைவு வந்தது. "எவ்ளோ நாளா?" என்றேன். "ரெண்டு வருஷமா இருக்குதும்மா. அப்பாகிட்ட நீதான் சொல்லணும்" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை கிரேஸ். பயம்தான் வந்தது. எங்கள் வீட்டை உனக்குத் தெரியும். இவர் கெட்டவர் இல்லை. லாரிகளைப் பார்ப்பார், தென்னேரியில் நிலத்தைப் பார்ப்பார், சாப்பிடுவார், தூங்குவார். ஆனால் அண்ணன் மாணிக்கவேல் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை. என் மச்சாண்டார் இப்போது கட்சியில் பெரிய ஆள். எங்கள் ஆட்கள் வீட்டில் ஒரு பெண் தானாக முடிவெடுத்தாள் என்றால் பஞ்சாயத்து அவரிடம்தான் போகும். அப்படிப் பஞ்சாயத்து போன வீடுகளில் என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

நீ உன் பிள்ளையிடம் கேள். அவன் மனம் மாறக் கூடியதென்றால் இப்போதே மாறிக்கொள்ளட்டும்.

உன்,
வேணி


பெரம்பூர்,
25.06.2023

அன்புள்ள வேணி,

கேட்டேன். மாறக் கூடியதில்லை என்கிறான். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அப்பா போனதற்கப்புறம் அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு செருப்பு வேண்டுமென்றால்கூட முதல் மாதம் சொல்லி அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிற பிள்ளை. இதை மட்டும் கேட்கிறான்.

நான் தட்டில் பழம் பூ வைத்துக்கொண்டு நேரே உன் வீட்டுக்கு வந்து ராமலிங்கம் அண்ணாவிடம் கேட்டுவிடட்டுமா? அவருக்கு என்னை எத்தனை வருஷமாகத் தெரியும். உன் மாமியார் இருந்தவரை எனக்கு இலையில்தான் சோறு போடுவார்கள், தட்டில் கிடையாது, தீட்டாம். நீ ஒன்றும் பேசாமல் உனக்கும் ஓர் இலையைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாய். ஒருநாள் அண்ணாவும் வந்து இலை கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? உன் மாமியார் அடுப்படிக்குப் போய்விட்டார்கள். அந்த மனுஷனிடம் கேட்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

யாரும் மதம் மாற வேண்டாம். நான் கேட்க மாட்டேன். எங்கள் சபையில் பேச்சு வரும். வரட்டும்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. உன்னைக் கேட்காமல் கிளம்ப மாட்டேன்.

கிரேஸ்


காஞ்சிபுரம்,
02.07.2023

அன்புள்ள கிரேஸ்,

வராதே. நீ வந்து கேட்டால் இவர் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார். காபி குடிக்க வைத்து அனுப்புவார். நீ பஸ் ஸ்டாண்டு போய்ச் சேருமுன் அண்ணனுக்கு போன் போய்விடும். அன்று இலை கேட்டவர் இவர்தான். அதற்கு இவருக்கு யாரையும் எதிர்க்க வேண்டியிருக்கவில்லை, அம்மா மட்டும்தானே.

என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. இந்த வீட்டில் என்னை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அதை முதல் பிடியிலேயே செலவழித்துவிட்டால் பிறகு மகளிடம் போய்ச் சேர எனக்கு வழி இருக்காது.

தேவியை அழைத்துக்கொண்டு ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் அவரவர் மதத்திலேயே இருந்து பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் நோட்டீஸ் கொடுத்துவிட்டு முப்பது நாள் காத்திருக்க வேண்டும். போட்டோவோடு அதைப் பலகையில் ஒட்டுவார்கள். உங்கள் பக்கத்து அலுவலகத்தில் மட்டுமில்லை. தேவியின் விலாசம் இங்கே இருப்பதால் இங்குள்ள பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் ஒரு நகல் வரும். நம் சீட்டு முப்பது நாள் மேஜையில் திறந்து கிடக்கும்.

இதையே ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஆடி பிறந்ததும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆடியில் எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிற பேச்சை எடுக்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், ஆடியில் யாரும் மனை வாங்க மாட்டார்கள், பத்திரம் பதிய மாட்டார்கள். அந்த அலுவலகம் காலியாகக் கிடக்கும். ஆடி கழிந்த அன்றே கையெழுத்து. அன்றைக்கே இரண்டு பேரும் ஓசூர் பக்கம் போய்விடட்டும். வேலை பிறகு தேடிக்கொள்ளலாம்.

எங்கள் ஆள் ஒருவர்கூட அந்தப் பலகை முன்னால் நிற்கக் கூடாது. அப்படி அமையுமா என்று கேட்காதே. அமைந்தால்தான் ஆட்டம், அமையாவிட்டால் வேறு எப்படி ஆடினாலும் தோல்விதான். அப்படிப்பட்ட கையில் என்ன செய்வோம்? அந்த ஒரு சீட்டு நமக்கு வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஆடுவோம். எனக்கு நம்பிக்கை இருப்பதால் இதை எழுதவில்லை.

வேணி


பெரம்பூர்,
19.07.2023

அன்புள்ள வேணி,

நேற்று நோட்டீஸ் கொடுத்தாயிற்று.

தேவி கடையில் ஏதோ கணக்குப் பயிற்சி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அலுவலகத்தில் போட்டோவை ஒட்டும்போது, "ஆன்ட்டி, இதுல நான் பயந்த மாதிரி இருக்கறேன், வேற எடுக்கலாமா?" என்றாள். "எத்தனை எடுத்தாலும் இன்னைக்கி அப்படித்தாம்மா இருப்ப" என்றேன். சிரித்துவிட்டாள்.

பிறகு மூன்று பேரும் வீட்டுக்கு வந்தோம். வஞ்சிர மீன் வறுத்தேன். உன் மகள் முள் எடுக்கத் தெரியாமல் விரலை நக்கிக்கொண்டிருந்தாள், விக்ரம் எடுத்து எடுத்து அவள் தட்டில் வைத்தான். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த வீட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனையோ காலமாயிற்று.

கல்யாணப் புடவையை நீ அங்கே எடுக்காதே, கடைகளில் பேச்சாகும். நான் இங்கே எடுத்துவிட்டேன். காஞ்சிபுரத்துப் பெண்ணுக்குப் பெரம்பூரில் பட்டு எடுக்கிற கொடுமையை யாரிடம் சொல்வது? அரக்கு நிறம், கரை சின்னது. அவளுக்குப் பிடித்திருக்கிறது. விலையைக் கேட்டுவிட்டு, "ஏமாத்திட்டாங்க ஆன்ட்டி" என்றாள்.

நீ சாட்சிக் கையெழுத்துப் போட வர வேண்டாம். வீட்டிலேயே இரு. ஆனால் வந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் சொல்லச் சொன்னாள்.

கிரேஸ்


காஞ்சிபுரம்,
05.08.2023

கிரேஸ்,

தெரிந்துவிட்டது.

ஆடி முழுக்க யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள் என்று எழுதினேன். ஆடிப் பெருக்கை நான் எண்ணவில்லை. அந்த ஒரு நாளில் எல்லோரும் பதிவார்கள். நல்ல நாள் என்று மாதம் பூராவும் காத்திருந்தவர்கள் அன்றைக்குத்தான் வருவார்கள். நான் அன்றைக்குப் புளிசாதமும் தேங்காய் சாதமும் கிளறிக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் கிளறுகிறேன். அந்த நாள் எனக்குத் தெரியாத நாளா? பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் நாள் வரை எண்ணினேன். இதை விட்டுவிட்டேன்.

இவர் சாப்பிட உட்கார்ந்தபோது மச்சாண்டார் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. போனை நீட்டினார்.

"தம்பி, இத பாரு. இது உன் பொண்ணு போட்டோ தான?"

இவர் கண்ணாடியைத் தேடினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"மனை பதியப் போன நம்ம ஆளு ஒருத்தன் புடிச்சி அனுப்பிக்கிறான். ஊரே பாத்துக்கினு இருக்குது. நீ இங்க உக்காந்து துன்னுக்கினு இருக்கற."

இவர் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் முகத்தில் என்ன இருந்ததோ, சொல்லியும் பயனிருந்திருக்காது. "தெரியும்" என்றேன்.

இவர் அடிக்கவில்லை, கத்தவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நீ என்கிட்ட சொல்லி இருக்கலாமேமா" என்றார். அதுதான் இவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. இரண்டு நாள் ஆகிறது.

தேவியைக் கடையிலிருந்து அப்படியே காரில் தென்னேரிக்கு, மச்சாண்டார் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் போனையும் என் போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். வாசலில் நின்று மச்சாண்டார் என்னிடம் சொன்னார்: "அந்தப் பையன் வில்லிவாக்கம் ஸ்டேஷன்ல எந்தப் பக்கம் எறங்கி கம்பெனிக்குப் போறான்னு கூட எங்களுக்குத் தெரியும்மா. நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோம். எங்களப் பண்ண வெக்காதீங்க." குரலை உயர்த்தாமல், கல்யாண வீட்டில் சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

விக்ரமை வேலைக்கு அனுப்பாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

வேணி


பெரம்பூர்,
14.08.2023

அன்புள்ள வேணி,

ஆடிப் பெருக்கை நீ மட்டுமா விட்டாய்? உன் திட்டத்தை நானும்தான் படித்தேன். எனக்கும் தோன்றவில்லை. அதைப் பற்றி இனி எழுதாதே.

உன் கடிதம் வந்த அன்றைக்கே விக்ரம் தென்னேரிக்குப் போகிறேன் என்று கிளம்பினான். கதவைப் பூட்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். என்னைத் தள்ளிவிட்டுப் போக அவனுக்குத் தெம்பிருக்கிறது. தள்ளவில்லை. நிலைப்படியில் தலையை வைத்துக்கொண்டு நின்றான்.

போலீஸில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, "மேஜரான பொண்ணு, அவங்க வீட்லதானம்மா இருக்குது" என்றார்கள். வக்கீலிடம் போனேன். ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம் என்கிறார். பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வார்கள், அவள் வாயால் சொன்னால் போதும். ஆனால் காதலித்த பையன் மட்டும் மனு போட்டால், அப்பா வந்து, என் மகள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்து நாளைக் கடத்துவார்களாம். அதற்குள் கட்டாயக் கல்யாணமே முடிந்துவிடுமாம். பெற்ற தாயே, என் மகளை அவள் விருப்பத்துக்கு மாறாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டால் அதை ஒதுக்க முடியாது என்கிறார்.

உன்னிடம் கேட்கிறேன். ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிடு. என் அண்ணன் உன்னைக் காரில் கூட்டிவருவார். அதற்கப்புறம் நீ அந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது என்பது எனக்குத் தெரியும். என் வீட்டில் இரண்டு அறை இருக்கிறது. நீ என்னோடு இருந்துவிடு. கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்றும் தெரியும். என்னிடம் வேறு சீட்டு இல்லை. உன்னிடம் இன்னும் ஒன்று இருக்கிறது.

சீக்கிரம் எழுது. எழுதாமல் வந்துவிட்டாலும் சரி.

கிரேஸ்


காஞ்சிபுரம்,
27.08.2023

அன்புள்ள கிரேஸ்,

கையெழுத்துப் போட நான் வரவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். நேற்று தென்னேரிக்குப் போனேன். மகளைப் பார்க்க வேண்டும் என்று இவர் எதிரே போய் நின்றேன். இவர் சாவியை எடுத்துக்கொண்டு லாரி ஷெட்டுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் டிரைவர் வண்டியோடு வந்தார். இவர்தான் அனுப்பியிருக்கிறார்.

ஏரிக்கரைப் பக்கத்து அறையில் அவளை வைத்திருக்கிறார்கள். பூட்டவில்லை. வாசலில் மச்சாண்டார் மனைவி வடிவு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவ்வளவுதான் காவல். தேவி இளைத்திருக்கிறாள். தலை வாரியிருந்தாள். நீ எழுதியதை அவள் காதருகே சொன்னேன். கோர்ட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன்.

"கோர்ட்டு வரைக்கும் அவன வர வுட மாட்டாங்கம்மா" என்றாள். "பெரியப்பா என் எதிர்லயேதான் போன்ல பேசறாரு. எனக்குக் கேக்கணும்னே பேசறாரு. எந்த லாரி, எந்த டிரைவர்னு சொல்றாரு. அப்பா லாரிம்மா." அப்புறம், "நான் சரின்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"எதுக்கு சரின்ன?"

"எல்லாத்துக்கும்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. "அவன் எங்கனா உயிரோட இருக்கட்டும். கிரேஸ் ஆன்ட்டிகிட்ட அத மட்டும் சொல்லு" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். நான் கையெழுத்துப் போட்டால், மனு போட்ட நாளுக்கும் அவளை நிறுத்தும் நாளுக்கும் நடுவே சில நாள் இருக்கும். அந்த நாட்களில் விக்ரம் எங்கே இருப்பான்? நீ எத்தனை கதவைப் பூட்டுவாய்? ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகு, ஒரு பிடியில் தோற்பதா மூன்று பிடியில் தோற்பதா என்பதுதான் ஆடுகிறவள் கையில் மிச்சம் இருக்கிறது. அவளும் இருக்கட்டும், அவனும் இருக்கட்டும். சேர்ந்து இருக்க மாட்டார்கள். நான் அந்த ஒன்றில் நிறுத்திக்கொள்கிறேன்.

நோட்டீஸை வாபஸ் வாங்கச் சொல். அவனை எங்காவது தூரத்தில் அனுப்பிவிடு. தை மாதம் அவளைத் திருவண்ணாமலைப் பக்கம் கட்டிக் கொடுக்கிறார்கள். அதுவரை அவன் இந்தப் பக்கம் வரக் கூடாது.

இனி சீட்டு அனுப்பாதே. உன் போன கடிதம் தப்பியது, நான்கைந்து நாளாகத் தபால் எல்லாவற்றையும் இவர் பிரித்துப் பார்க்கிறார். என்னை மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாய் இல்லை.

வேணி


பெரம்பூர்,
10.03.2024

வேணிக்கு,

தபாலை அவர் பிரிப்பார் என்று எழுதியிருந்தாய். பிரிக்கட்டும். ராமலிங்கம் அண்ணா, படிப்பதென்றால் கடைசிவரை படித்துவிட்டு வேணியிடம் கொடுங்கள்.

நீ கேட்டபடி எல்லாம் செய்தேன். வாபஸ் வாங்க விக்ரமை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். முடியாது என்றான். தேவி சொன்னதை அப்படியே சொன்னேன். அதற்கப்புறம் வந்து கையெழுத்துப் போட்டான். வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டு, "நீயும் வேணி ஆன்ட்டியும் நல்லா யோசிச்சி ஆடி முடிச்சிட்டீங்க. நான் சாவத் தயார்னு சொல்லி இருப்பேன்ல. என்ன யாருமே கேக்கலியே" என்றான். அடுத்த வாரம் புனேவுக்குப் போய்விட்டான். மாதா மாதம் எனக்குப் பணம் அனுப்புகிறான். நான் போன் செய்தால் எடுப்பான். சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்பான். அதற்கு மேல் எங்களுக்குப் பேச்சு இல்லை.

தேவிக்குக் கல்யாணம் முடிந்ததை அண்ணன் சொன்னார். நல்ல இடமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். புடவை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை.

உன் கணக்கை நான் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். எங்கேயும் தப்பில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் என்னால் முடியவில்லை வேணி. ஒன்றில் நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்ததிலிருந்து உன்னோடு எதிரே உட்கார எனக்கு மனம் இல்லை. அந்த ஒன்று என் பிள்ளை. உன் மகளும்தான். உனக்கு வலிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நீ அதை எண்ணிச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. இது நியாயமில்லை என்று எனக்கே தெரிகிறது.

கிளப்புக்குப் போவதை விட்டுவிட்டேன். அப்பாதுரை வேறு ஜோடி பார்த்துக்கொண்டார்.

போன திங்கட்கிழமை அண்ணன் பேத்திக்குக் காது குத்தினார்கள் என்று ஏனாத்தூர் வந்திருந்தேன். திரும்பும்போது காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் உன்னைப் பார்த்தேன். பூக்கடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். கையில் காய்கறிப் பை. தலை முழுக்க நரைத்துவிட்டது, சாயம் போடுவதை நிறுத்திவிட்டாய் போலிருக்கிறது. நீயும் என்னைப் பார்த்தாய். நீ ஓரடி எடுத்து வைத்தாயா, பின்னால் வந்த யாருக்காவது வழிவிட்டாயா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பஸ் உடனே கிளம்பவில்லை. கண்டக்டர் ஆள் சேரட்டும் என்று நின்றுகொண்டிருந்தார். நீ அங்கிருந்து நகரவில்லை. ஜன்னல் பக்கம் இடம் இருந்தது. நான் அதில் உட்காரவில்லை.

பதில் எழுத வேண்டாம்.

கிரேஸ்